தொட்டால் ஒட்டாத நோய்

மனிதருக்கு வரும் நோய்களை இருவகையாகப் பிரித்துக் கூறலாம். பிறர் அறியாதபடி மறைத்து வைக்கத்தக்கவை ஒருவகை. மறைக்க முடியாதவை மற்றொரு வகை. நீரிழிவு உள்ளவர் சபையில் எல்லாரோடும் சமமாக வீற்றிருக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவரைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் அறிந்துகொள்வதில்லை. தோலில் வரும் நோயோ அத்தகையதன்று. நோயாளி வாய் திறவாமலே அது தன்னைத் தானே பறைசாற்றிவிடுகின்றது. பார்த்தவர் பக்கத்து நாற்காலிக்கு நகர்கின்றார். கொடுத்த தேநீரைக் குடியாமல் வைத்துவிட்டு எழுகின்றார். குழந்தையைக் கையிற் கொடுக்கத் தயங்குகின்றார். நோய் தரும் வருத்தத்தினும் இப்பார்வைகள் தரும் வருத்தம் பெரிது.

இதனை எழுதத் தூண்டியது ஒரு தாயாரின் கடிதம். பத்தாம் வகுப்பிற் படிக்கும் தம் மகளின் முழங்கைகளிலும் தலையிலும் செதில் உதிரும் படைகள் தோன்றியிருப்பதாகவும், வைத்தியர் அதனைச் ‘சொரியாசிஸ்’ என்று கூறியதாகவும் அவர் எழுதியிருந்தார். அவர் கேட்டவை மூன்று வினாக்கள். இது அவளுடைய தங்கைக்கும் தொற்றுமா? முற்றாக மாறுமா? நாளை அவளுடைய திருமணத்துக்குத் தடையாகுமா?

இம்மூன்று வினாக்களும் அத்தாயாருக்கு மாத்திரம் உரியவை அல்ல. எத்தனையோ வீடுகளில் வாய்விட்டுக் கேளாமல் மனத்துள் வைத்துப் புழுங்கும் வினாக்கள் இவை. ஆகவே விடைகளை முதலிலேயே கூறிவிடுகின்றேன். தொற்றாது. முற்றாக வேரறுக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் நன்கு அடக்கி வைக்கலாம். மூன்றாவது வினாவுக்கு விடை நோயின் கையில் இல்லை. நம்முடைய கையில் உள்ளது. இவ்விடைகளுக்குரிய விளக்கத்தை இனிக் காண்போம்.

பெயரால் வந்த பழி

சொரியாசிஸ் என்பது கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர். ‘சோரா’ என்றால் சொறி, அரிப்பு என்று பொருள். பண்டைக் கிரேக்க வைத்தியர் செதில் உதிரும் தோல் நோய்கள் பலவற்றையும் ஒன்றோடொன்று கலந்தே பேசினர். அதனால் இந்நோய் பல நூற்றாண்டுகளாகக் குட்டநோயோடு சேர்த்து எண்ணப்பட்டது. குட்டநோயாளரை ஊருக்குப் புறம்பே ஒதுக்கிய அக்காலத்தில், எவர்க்கும் தொற்றாத இந்நோயை உடையவர்களும் அவர்களோடு சேர்ந்து ஒதுக்கப்பட்டிருப்பர் என்று வரலாற்றாசிரியர் கருதுவர்.

இங்கிலாந்தில் ரொபேட் வில்லன் என்னும் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் நோய்களை வகைப்படுத்தி நூல் எழுதினார். 1808ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலில் இந்நோயின் இலக்கணம் தெளிவாகவே கூறப்பட்டது. ஆயினும் அவர் இதன் ஒரு வடிவத்துக்குக் குட்டத்தைக் குறிக்கும் ‘லெப்ரா’ என்ற பழைய பெயரையே வழங்கினார். 1841இல் வியன்னா நகரத்து வைத்தியப் பேராசான் பேர்டினண்ட் வொன் ஹெப்றா, இரு பெயராற் குறிக்கப்பட்டவை ஒரே நோயே என்றும், குட்டத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றும் நிலைநாட்டினார். அன்று முதல் வைத்திய நூல்களிலிருந்து அந்தப் பெயர் நீங்கிற்று. மக்கள் மனத்திலிருந்து நீங்கிற்றா என்பதே நம் கேள்வி.

ஈண்டு இன்னொன்றும் கூறுதல் வேண்டும். குட்டநோயும் இன்று குணப்படுத்தத்தக்க நோயே. 1981ஆம் ஆண்டு தொடக்கம் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்து முறையால் அது முற்றாக மாறுகின்றது. ஆகவே ‘குட்டமில்லை, பயப்படாதே’ என்று ஒருவர்க்கு ஆறுதல் கூறும்போது இன்னொரு நோயாளரை இழிவு செய்யாதிருத்தலும் நம் கடமை.

தமிழ் வைத்திய மரபிலும் இதற்கு இடமுண்டு. சித்த வைத்தியர் இதனைக் ‘காளாஞ்சகப் படை’ என்பர். ஆகவே இது புதிதாக வந்த மேல்நாட்டு நோய் என்று எண்ணுதல் தவறு. உலகெங்கும் உள்ள நோய் இது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸ் குறித்துத் தனியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகிற் குறைந்தது 10 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என்று கூறிற்று. ஆண்டுதோறும் ஒக்டோபர் 29ஆம் நாள் சொரியாசிஸ் தினமாகவும் அனுட்டிக்கப்படுகின்றது.

தோலில் நடப்பது யாது?

நம் தோல் ஒருநாளும் ஓய்ந்திருப்பதில்லை. மேற்றோலின் அடியிற் புதிய கலங்கள் பிறக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலே வருகின்றன. மேலே வந்து இறந்து, கண்ணுக்குப் புலப்படாத துகள்களாக உதிர்ந்து போகின்றன. இப்பயணத்துக்கு ஏறத்தாழ 4 வாரங்கள் செல்லும். பாம்பு மாத்திரமன்று, மனிதனும் சட்டை உரிக்கின்றான். ஆயின் சிறிது சிறிதாக உரிப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

சொரியாசிஸ் உள்ள இடத்தில் இப்பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகின்றது. 4 வாரத்தில் வரவேண்டியவை 3 முதல் 5 நாட்களில் வந்து குவிகின்றன. முதிராத கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய்ப் படிகின்றன. அதுவே வெள்ளி நிறச் செதிலாக நாம் காண்பது. அடியில் இரத்தக் குழாய்கள் விரிவதனால் அவ்விடம் தடித்துச் சிவக்கின்றது.

இவ்வளவு அவசரம் எதனால்? கிருமிகளிலிருந்து நம்மைக் காப்பதற்கு உடலில் ஒரு காவற்படை உண்டு. அதனை நிர்ப்பீடனத் தொகுதி என்பர். வெளிப்பகைவன் எவனும் இல்லாதபோதும் அப்படை பகைவன் வந்ததாக மயங்கித் தோலுக்கு இடையறாது செய்தி அனுப்புகின்றது. செய்தி பெற்ற தோல், காயத்தை ஆற்றுவது போன்ற வேகத்துடன் புதுக் கலங்களைப் பெருக்குகின்றது. சொரியாசிஸ் என்பது இவ்வளவே. இதிற் பிறர்க்குப் பரவக்கூடிய கிருமி எதுவும் இல்லை. அசுத்தத்தால் வருவதும் அன்று. ‘இரத்தம் கெட்டதால்’ வருவதும் அன்று. எவர் செய்த தீவினைக்கும் தண்டனையும் அன்று. நோயாளியின் ஆடையை உடுத்தாலும், அவர் படுத்த பாயிற் படுத்தாலும், ஒரே கிணற்றில் நீராடினாலும், ஒரே கோப்பையில் அருந்தினாலும் இது ஒட்டாது.

ஏன் சிலருக்கு மாத்திரம்?

பரம்பரை இதற்கு ஒரு காரணம். இந்நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரையலகுகள் பலவற்றை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். ஆயினும் பெற்றோருக்கு உண்டெனின் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பது விதியன்று. ஒரே கருவிலிருந்து பிறந்து உருவத்திலும் பரம்பரையலகுகளிலும் ஒத்திருக்கும் இரட்டையருள் ஒருவருக்கு மாத்திரம் இந்நோய் தோன்றி மற்றவருக்குத் தோன்றாதிருத்தலும் உண்டு. பரம்பரை என்பது விறகு. அதைப் பற்றவைக்கும் நெருப்பு வேறு.

அந்நெருப்பு எதுவென அறிந்தால் ஓரளவு தவிர்க்கலாம். பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரத்தின் பின், மழைத்துளி தெறித்தாற்போல உடலெங்கும் சிறு சிறு படைகள் தோன்றுவதுண்டு. மன உளைச்சல், புகைபிடித்தல், மதுபானம், மிகையான உடற்பருமன் ஆகியவையும் நோயைத் தூண்டும். இருதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள், மனநோய்க்குக் கொடுக்கப்படும் லிதியம், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் குளோரோகுயின் ஆகியவை சிலருக்கு நோயை மிகுவிக்கும். ஆகவே எந்த வைத்தியரிடம் சென்றாலும் தமக்குச் சொரியாசிஸ் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று.

காயமும் ஒரு தூண்டுகோல். கீறிய இடம், சுட்ட இடம், இறுகிய பட்டி உரோஞ்சும் இடம் ஆகியவற்றிற் புதிய படை தோன்றும். இதனை 1870களில் ஜேர்மனிய வைத்தியர் ஹைன்றிக் கொப்னர் விளக்கினார். அவர் பெயராலேயே இவ்வியல்பு இன்றும் வழங்கப்படுகின்றது. செதிலை நகத்தாற் சுரண்டி எடுப்பவர், ஒன்றைப் போக்க முயன்று இரண்டை வரவழைக்கின்றார்.

இனங்காணும் முறை

முழங்கை, முழங்கால், தலையின் மயிர்ப்பகுதி, இடுப்பின் பின்புறம் ஆகியவை இந்நோய் விரும்பி அமரும் இடங்கள். படையின் விளிம்பு வரைந்தாற்போலத் தெளிவாக இருக்கும். மேலே வெண்செதில் படிந்திருக்கும். வைத்திய நூல்களில் உள்ள படங்களைப் பார்த்துப் பலர் ஏமாறுகின்றனர். அவை பெரும்பாலும் வெள்ளையருடைய தோலிலிருந்து எடுக்கப்பட்டவை. அங்கே செக்கச் செவேலெனத் தோன்றும் படை, நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் ஊதா நிறமாகவோ கரும்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றும். நோய் அடங்கிய பின்னும் அவ்விடம் சிலகாலம் கறுத்தோ வெளிறியோ இருக்கும். அந்நிற மாற்றத்தை நோயென்று எண்ணி மேலும் மேலும் மருந்து பூசுதல் கூடாது.

தலையில் வரும்போது இதனைப் பொடுகென்றும், உடலில் வரும்போது படர்தாமரையென்றும், கரப்பனென்றும் மயங்குவர். குட்டநோயின் படையில் உணர்ச்சி குன்றும். இதில் உணர்ச்சி குன்றுவதில்லை. எனினும் வீட்டிலிருந்தபடி தீர்மானிப்பது தகாது. தோல் நோய் வைத்திய நிபுணர் பார்த்த அளவிலேயே பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஐயமிருப்பின் சிறிது தோலை எடுத்துச் சோதிப்பார். நம் நாட்டின் போதனா வைத்தியசாலைகளில் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

நகங்களையும் மூட்டுக்களையும் கவனித்தல் வேண்டும். நகத்திற் குண்டூசியாற் குத்தினாற்போலச் சிறு குழிகள் தோன்றலாம்; நகம் மஞ்சளித்து அடித்தோலை விட்டுக் கிளம்பலாம். சொரியாசிஸ் உடையோருட் சிலர்க்கு மூட்டுவாதமும் உண்டாகும். காலையில் எழும்போது விரல்கள் விறைத்திருத்தல், குதிக்கால் நோதல், ஒரு விரல் முழுவதும் வீங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். ‘இது தோலில் உள்ள நோய், அது எலும்பில் உள்ள நோய்’ என்று பிரித்தெண்ணித் தாமதிப்பவர்களின் மூட்டு நிலையாகப் பழுதடைந்துவிடும். நீரிழிவு, இருதய நோய், மனச்சோர்வு ஆகியவையும் இந்நோயாளரிடம் சற்று மிகுதியாகக் காணப்படுவதால் அவற்றுக்குரிய பரிசோதனைகளையும் காலாகாலத்திற் செய்தல் வேண்டும்.

உடல் முழுவதும் சிவந்து காய்ச்சலும் நடுக்கமும் கண்டாலும், சீழ் நிறைந்த கொப்புளங்கள் பரவலாகத் தோன்றினாலும் ஒரு நாளேனும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அது அரிதாக வருவது, ஆயின் ஆபத்தானது.

மருந்துகளின் கதை

இந்நோய்க்குரிய மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு மாணவர்கள் படித்து இன்புறத்தக்கது. பிரேசில் நாட்டிலே அரரோபா என்றொரு மரம் உண்டு. அதன் தண்டினுள்ளே கிடைக்கும் மஞ்சட் பொடி போர்த்துக்கேயர் வழியாக இந்தியாவின் கோவாவுக்கு வந்தது. படர்தாமரைக்குப் பூசும் அம்மருந்தை ‘கோவாப் பொடி’ என்று வழங்கினர். தமக்கு வந்தது படர்தாமரை என்று எண்ணிய சொரியாசிஸ் நோயாளர் அதனைப் பூசிக் குணங்கண்டார். அதைக் கவனித்த பல்மானோ ஸ்குவயர் என்னும் இலண்டன் வைத்தியர் 1870களில் அதனை வைத்திய உலகுக்கு அறிவித்தார். முதலாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மனிக்குப் பிரேசிலிலிருந்து அப்பொடி வருவது தடைப்பட்டது. அந்நாட்டினர் அதற்கு ஈடாகச் செயற்கையில் ஒன்றை ஆக்கினர். 1916இல் வழக்குக்கு வந்த அம்மருந்தே டைத்திரனோல். ஆடையிற் பட்டால் கறை போகாது. ஆயினும் பல்லாண்டுகள் ஆயிரக்கணக்கானோரைக் காத்தது.

நிலக்கரித் தாரும் இவ்வாறே. தாரைப் பூசிப் புறஊதாக் கதிரையும் படச்செய்யும் முறையை 1925இல் அமெரிக்க வைத்தியர் கெக்கர்மன் வெளியிட்டார். 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து வைத்தியர் இன்கிறம், தார் நீராட்டு, புறஊதாக் கதிர், டைத்திரனோல் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்தார்.

சூரியனே பலர்க்கு மருந்தாவதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் அப்டைக்குக்கு ஆறு வயது முதல் இந்நோய் உண்டு. அவருடைய தாயாருக்கும் இருந்தது. கடற்கரை வெயிலை நாடியே ஊர் தேர்ந்து குடியிருந்ததையும், மாரிகாலத்திற் கரிபியன் தீவுகளுக்குச் சென்றதையும், பிறர் முன் தோன்றவேண்டாத தொழில் என்பதும் எழுத்துத் தொழிலைத் தாம் மேற்கொண்டதற்கு ஒரு காரணம் என்பதையும் அவர் 1980களில் வெளிப்படையாக எழுதினார். உலகம் புகழ்ந்த ஓர் எழுத்தாளரே இத்துணைக் கூச்சத்தோடு வாழ்ந்தார் எனின், பள்ளிப் பிள்ளை என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்டைக்குக்குப் பின்னாளிற் பேருதவி புரிந்த சிகிச்சைக்கும் நம் பழைய மருந்துப் பெட்டிக்கும் ஓர் உறவு உண்டு. கார்போக அரிசி என்பது நம்மவர் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தி வரும் விதை. அச்செடியின் தாவரவியற் பேரினப் பெயரடியாகவே ‘சொராலென்’ என்னும் பொருள் பெயர் பெற்றது. சொராலெனை உட்கொள்ளச் செய்து, பின் குறிப்பிட்ட புறஊதாக் கதிரைப் படச்செய்யும் முறை 1974இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆராய்ச்சியாளர்களால் வெளியிடப்பட்டது. இன்று பெரும்பாலும் சொராலென் இல்லாமலே, 311 நனோமீற்றர் அளவினதான ஒடுங்கிய கதிர் மாத்திரம் பயன்படுத்தப்படுகின்றது. இதனைக் கேட்டுக் கார்போக அரிசியைத் தின்று நடுவெயிலில் நிற்க எவரும் துணிய வேண்டாம். தோல் வெந்து கொப்புளித்துவிடும். அளவறிந்து கொடுப்பதாலேயே அது மருந்தாயிற்று.

1950களில் ஸ்டீரொயிட் களிம்புகள் வந்தன. 1985இல் யப்பானிய வைத்தியர் ஒரு முதியவருக்கு எலும்புத் தேய்வுக்காக உயிர்ச்சத்து டி வகை மருந்தொன்றைக் கொடுத்தபோது அவருடைய சொரியாசிசும் அடங்கக் கண்டனர். அதன் வழியாகப் பிறந்ததே கல்சிபொட்ரியோல் களிம்பு. உள்மருந்துகளின் கதையும் இவ்வாறே எதிர்பாராத வகையிற் பிறந்தது. 1951இல் மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்த அமினொப்டெரின் என்னும் மருந்து படைகளையும் மறையச் செய்தது. அதன் தம்பி போன்ற மெதொட்ரெக்சேட் இன்றும் கடும் நோய்க்குரிய முக்கிய மருந்து. 1979இல் நிர்ப்பீடனத்தை அடக்கும் சைக்ளோஸ்போரின் இந்நோயை அடக்கக் கண்டபோதுதான், குற்றவாளி தோலன்று, காவற்படையே என்பது உறுதியாகத் தொடங்கிற்று. அவ்வறிவின் கனியாக 2000க்குப் பின், அப்படையின் தவறான செய்தியை மாத்திரம் இடைமறிக்கும் ஊசிமருந்துகள் வந்துள்ளன. பலருடைய தோல் அவற்றால் ஏறத்தாழ முற்றாகத் தெளிந்துவிடுகின்றது. விலை மிகுதி என்பதும், தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கின்றதா எனச் சோதிக்க வேண்டும் என்பதும் அவற்றின் குறைகள்.

எச்சரிக்கை மூன்று

முதலாவது, ஸ்டீரொயிட் களிம்பை வைத்தியர் குறித்த இடத்தில், குறித்த காலத்துக்கு மாத்திரம் பூசுக. முகத்திலும் மடிப்புக்களிலும் தாமாகப் பூசுவோர்க்குத் தோல் மெலிந்து போகும். ஸ்டீரொயிட் மாத்திரைகளைத் தாமே உண்டு திடீரென நிறுத்துவோர்க்கு நோய் முன்னினும் கொடிதாகப் பொங்கியெழும். ‘பத்து நாளில் வேரோடு மாற்றுவோம்’ என்று விளம்பரம் செய்யப்படும் பெயரறியாத் தைலங்கள் சிலவற்றில் இம்மருந்தே மறைத்துக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது.

இரண்டாவது, மெதொட்ரெக்சேட் மாத்திரை இந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மாத்திரமே கொடுக்கப்படும். அதனை நாள்தோறும் விழுங்கியதால் உயிரிழந்தோர் உண்டு. எந்தக் கிழமை என்பதை நாட்காட்டியிற் குறித்து, வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக் கொடுத்தல் வேண்டும். மதுவை விலக்குதலும், இரத்தப் பரிசோதனைகளைத் தவறாது செய்தலும் இன்றியமையாதவை.

மூன்றாவது, சித்த வைத்தியத்தையோ ஆயுள்வேதத்தையோ நாடுவோர் முறையாகப் பயின்று பட்டம் பெற்றவரிடம் செல்லுக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. கைதடியிலே சித்த போதனா வைத்தியசாலை உண்டு. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து எடுக்கும் தைலம் தமிழ்நாட்டுச் சித்த வைத்தியர் இந்நோய்க்குப் பெரிதும் வழங்குவது. எதை நாடினும் ஒரு வைத்தியர் கொடுப்பதை மற்ற வைத்தியருக்கு மறையாதீர்.

வீட்டில் செய்யத்தக்கவை

தோலை உலரவிடாமையே முதல் மருந்து. மென்மையான சவர்க்காரத்தால், மிகச் சூடில்லாத நீரிற் குளித்து, ஈரம் முற்றும் காயுமுன் வைத்தியர் கூறும் களிம்பையோ வசிலினையோ தேங்காயெண்ணெயையோ பூசுதல் வேண்டும். நகத்தைக் குறுக வெட்டி வைத்தல், இறுக்கமற்ற பருத்தி ஆடை அணிதல், தொண்டை நோவை அலட்சியம் செய்யாமை, நடத்தலும் விளையாடலும், நேரத்துக்கு உறங்குதல் ஆகிய இவற்றுக்குச் செலவில்லை. இளவெயில் நன்று, தோல் எரியும் வெயில் தீது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கிரந்தி’ என்று கூறிக் கத்தரிக்காயையும் இறாலையும் வேறு பலவற்றையும் பிள்ளையின் கோப்பையிலிருந்து அகற்றிவிடும் பாட்டிமார் நம் வீடுகளில் உளர். எல்லார்க்கும் பொருந்தும் பத்தியம் எதுவும் இந்நோய்க்கு நிறுவப்படவில்லை. ஓர் உணவை உண்டால் தமக்கு நோய் மிகுகின்றது என்று ஒருவர் அனுபவத்திற் கண்டால் அதனை விலக்கலாம். வளரும் பிள்ளைக்கு வேண்டிய சத்தை அச்சத்தாற் குறைத்தல் கூடாது. உடற்பருமன் மிகுந்தவர் எடையைக் குறைத்தால் நோய் தணிவதும் மருந்து நன்கு பயன்படுவதும் உறுதி.

பாடசாலையும் திருமணமும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணிதத்திற் கெட்டிக்காரன். வெயிற் காலத்திலும் முழுக்கைச் சட்டையே அணிவான். கரும்பலகையிற் கணக்குச் செய்ய அழைத்தால் மாத்திரம் ‘தெரியாது, சேர்’ என்று இருந்துவிடுவான். கையை உயர்த்தினால் சட்டைக்கை கீழிறங்கிவிடும். முழங்கையிலுள்ள படையை வகுப்பு முழுவதும் பார்த்துவிடும். அதற்கஞ்சியே அறிந்ததை அறியேன் என்றான். அவனுக்கு மருந்து கொடுத்தவர் வைத்தியர். ஆனால் அவனைக் கரும்பலகைக்கு வரச் செய்தவர்கள் அவனுடன் ஒரே வாங்கில் இருந்த இரு மாணவர்களே. விஞ்ஞானப் பாடத்தில் மேற்றோலைப் பற்றிக் கற்றபின், அவர்கள் அவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தங்கள் இடத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவன் கொண்டுவந்த சோற்றுப் பொதியிலிருந்து முன்போலவே பங்கு கேட்டனர். அவ்வளவுதான். அடுத்த தவணையில் அவன் தானாகவே எழுந்து வந்தான்.

மாணவர்களே, உங்கள் தோழன் ஒருவனுக்கு இந்நோய் இருந்தால் நீங்கள் செய்யவேண்டிய பேருபகாரம் இதுவே: முன்போலவே இருங்கள். ஆசிரியர்களும் விடுதிப் பொறுப்பாளர்களும் ‘தொற்றும்’ என்று கூறி ஒரு பிள்ளையைத் தனிக்கட்டிலுக்கோ பின்வாங்குக்கோ அனுப்புமுன், தொற்றாது என்ற வைத்திய உண்மையை அறிந்துகொள்ளல் வேண்டும்.

இனித் திருமணம். சொரியாசிஸ் உடையோர் இல்லறம் நடத்தவும் மக்களைப் பெறவும் யாதொரு தடையும் இல்லை. பிள்ளைகளுக்கு வரக்கூடும் என்பது உண்மை. வராமலும் போகக்கூடும் என்பதும் அதேயளவு உண்மை. மெதொட்ரெக்சேட், அசிட்ரெட்டின் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்வன. அவற்றைக் கருத்தரிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே வைத்தியரின் ஆலோசனைப்படி நிறுத்துதல் வேண்டும். ஆகவே திருமணம் நிச்சயமாகும்போது வைத்தியருக்கு அதனைத் தெரிவித்தல் அவசியம்.

நோயை மறைத்துச் சம்பந்தம் பேசுவது தகாது. மறைத்தது பின்னர் வெளிப்படும்போது, நோய்க்காக அன்றி வஞ்சனைக்காகவே குடும்பம் மனம் முறியும். மாப்பிள்ளை வீட்டாரிடமும் பெண் வீட்டாரிடமும் உள்ளதை உள்ளவாறு கூறி, வைத்தியரிடமே நேரிற் கேட்டுத் தெளியச் செய்வது மேல். அவ்வாறு கூறியபின் விலகிச் செல்வோர் சிலர் இருப்பர். நீரிழிவு உள்ள வீட்டிற் பெண் எடுக்கத் தயங்காதவர் தொற்றாத இந்நோய்க்குத் தயங்குவாராயின், அவரைத் தடுத்தது நோயன்று, நோயின் தோற்றமே. தோற்றத்துக்கு அஞ்சி விலகுபவர் விலகுவதால் அப்பெண்ணுக்கு நட்டம் எதுவும் இல்லை.

நான்காவது உறுப்பு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில் வைத்தியத்தை நான்கு உறுப்பாகப் பகுத்தார். நோயுற்றவர் ஒன்று, நோய் தீர்க்கும் வைத்தியர் ஒன்று, மருந்து ஒன்று, அருகிருந்து மருந்தை ஊட்டிப் பணிசெய்பவர் ஒன்று. சொரியாசிஸ் விடயத்தில் முதல் மூன்று உறுப்புக்களும் பெரும்பாலும் நம் வசமே உள்ளன. வைத்தியர் உளர்; மருந்துகளும் முன் எக்காலத்தினும் மிகுதியாக உள; நோயாளியும் மனம் வைத்தால் ஒழுங்காக மருந்துண்பார். குறைபட்டு நிற்பது நான்காவது உறுப்பே.

அந்நான்காவது உறுப்பு நாமே. முதுகிற் கையெட்டாத இடத்துக்குக் களிம்பு பூசிவிடும் தாய், மாத்திரை உண்ணும் கிழமையை நினைவூட்டும் தம்பி, கிளினிக்குக்குத் துணை போகும் கணவன், பக்கத்து இருக்கையை விட்டு நகராத தோழன் ஆகியோர் மருந்தகத்திற் கிடைக்காத மருந்தைக் கொடுப்பவர்கள். இந்நோய் கூடியும் குறைந்தும் வாழ்நாள் முழுதும் உடன்வரக்கூடும். கூடிய நாளிற் சோர்ந்துவிடாமலும், குறைந்த நாளிற் சிகிச்சையைக் கைவிடாமலும் காக்க, கூட ஒருவர் வேண்டும்.

தொட்டால் இந்நோய் ஒட்டாது. தொடாது விலகினால் நோயாளியின் மனத்திற் படியும் வருத்தம் எளிதில் உதிராது. அடுத்த முறை இத்தகைய ஒருவரைக் காணும்போது அவருடைய கையைப் பற்றி நலம் விசாரியுங்கள். அவர் வீட்டுத் தேநீரை மீதமின்றி அருந்துங்கள்.